திரை யாரைப் பார்த்திருக்கிறது?

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பெங்களூரு நிறுவனங்களுக்குச் செயலிகளை வடிவமைத்துத் தருகிறேன் என்று சொன்னால், உறவினர்களில் ஒரு பாதி நான் படம் வரைகிறவன் என்றும் மறுபாதி மென்பொருள் எழுதுகிறவன் என்றும் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சரியல்ல. என் வேலைக்கு இன்டராக்‌ஷன் டிசைன் என்று பெயர். தமிழில் ஊடாட்ட வடிவமைப்பு என்று எழுதுகிறார்கள். ஒருவர் ஒரு கருவியிடம் ஏதாவது செய்யும்போது அது அவருக்கு என்ன பதில் தர வேண்டும், எப்போது தர வேண்டும், அந்தப் பதிலைக் கண்டு அவர் அடுத்து என்ன செய்யக்கூடும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத் தீர்மானிக்கும் வேலை அது. நிறமும் எழுத்துருவும் அதில் உண்டு என்றாலும், அவை பெரும்பாலும் கடைசியில் வருபவை.

இதை விளக்க எனக்கு எப்போதும் கைகொடுப்பது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான். தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் அது பயன்படுத்தப்பட்டது. அதன்பின் ஓசூர் முதல் அரூர் வரை படித்தவர், படிக்காதவர், கண்பார்வை மங்கியவர் எல்லாரும் யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக நின்று இயக்கிய மின்னணுக் கருவி வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. மறைப்புக்குள் செல்லும் வாக்காளர் முதலில் காண்பது, வாக்குப்பதிவு அலகின் மேற்பகுதியில் எரியும் பச்சை விளக்கு. அலுவலர் தன் மேசையிலுள்ள கட்டுப்பாட்டு அலகின் பொத்தானை அழுத்தினால்தான் அது எரியும். அதே நேரத்தில் அலுவலரின் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, உள்ளே ஒருவர் வாக்களித்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரிவிக்கிறது. வாக்காளர் தான் விரும்பும் சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துகிறார், அந்த வரிசையில் சிவப்பு விளக்கு எரிகிறது, பக்கத்திலுள்ள வி.வி.பேட் இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு 7 விநாடிகள் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது; நீண்ட பீப் ஒலி அறை முழுவதும் கேட்கிறது. அதன்பின் எத்தனை முறை எந்தப் பொத்தானை அழுத்தினாலும், அலுவலர் அடுத்தவருக்கு அனுமதி தரும்வரை ஒன்றும் நடக்காது.

இதில் வாக்காளரின் செயல் ஒன்றுதான். ஆனால் அதற்கான பதில்கள் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு வடிவத்தில் போகின்றன. யாருக்கு வாக்களித்தோம் என்பதைச் சிவப்பு விளக்கும் சீட்டும் வாக்காளருக்கு மட்டும் காட்டுகின்றன. வாக்களித்தாயிற்று என்பதைப் பீப் ஒலி அலுவலருக்கும், வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சி முகவர்களுக்கும் ஒரே நேரத்தில் அறிவித்துவிடுகிறது. ரகசியமாக இருக்க வேண்டியது ரகசியமாகவும், ஊருக்குத் தெரிய வேண்டியது ஊருக்குத் தெரியும்படியும் பிரிக்கப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1951-52 பொதுத்தேர்தலிலேயே நுழைந்த சின்னம் இந்த இயந்திரத்திலும் தொடர்கிறது. பார்வையற்றவர்களுக்காகப் பிரெயில் எண்களும் உண்டு. ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் இரண்டாவது பொத்தான் மட்டும் இல்லை. வரிசையில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை கேட்டால் கூட்டமும் நகராது, குழப்பமும் கூடும். அதற்குக் கொடுக்கும் விலை, தவறி அழுத்தினால் திரும்பப் பெற முடியாது என்பது. இப்படி ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்துக் கணக்குப் பார்ப்பதே என் தொழிலின் பெரும்பகுதி.

இந்தத் துறைக்கு 1980-களின் நடுப்பகுதியில் பெயர் சூட்டியவர்கள் பில் மாக்ரிட்ஜ், பில் வெர்பிளாங்க் ஆகிய இருவர். மாக்ரிட்ஜ் அடிப்படையில் பொருள் வடிவமைப்பாளர். 1982-இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற மடிக்கணினியின் உடலை வடிவமைத்தவர். அந்தக் கணினியைத் தானே பயன்படுத்தத் தொடங்கிய சிறிது நேரத்தில், பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கீலையும் மூடியையும் மறந்து, திரைக்குள் நடப்பதிலேயே மூழ்கிவிட்டதாக அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். உடலை மட்டும் வடிவமைத்துவிட்டு உள்ளே நடப்பதை வேறொருவரிடம் விட்டுவிட முடியாது என்று அவருக்குப் பட்டது அப்போதுதான். வெர்பிளாங்க் இந்த வேலையை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார்: ஒருவர் எப்படிச் செய்கிறார், எப்படி உணர்கிறார், எப்படி அறிகிறார்? பொத்தானை அழுத்துவது செய்தல். விளக்கும் ஒலியும் உணர்தல். பச்சை விளக்கு எரிந்தால் தன் முறை வந்துவிட்டது என்று புரிந்துகொள்வது அறிதல். ஒரு கருவி தொல்லை கொடுக்கும்போது இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வடிவமைப்பைப் பற்றி எழுதிய அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நார்மன் இதையே இரண்டு இடைவெளிகளாகப் பார்த்தார். நாம் செய்ய நினைப்பதற்கும் கருவி செய்ய விடுவதற்கும் நடுவே ஒன்று. கருவி காட்டுவதற்கும் உண்மையில் நடந்திருப்பதற்கும் நடுவே இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்தானது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்தத் தணிப்பு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, வால்வை மூடும் ஆணை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டக்கூடியது. வால்வு மூடியதா என்பதை அது அறியாது. விளக்கு அணைந்ததைக் கண்ட ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது.

‘உங்கள் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் எழுதும் திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளக்கு நினைவுக்கு வரும். படிவம் இங்கிருந்து கிளம்பிவிட்டது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. அது போய்ச் சேர்ந்ததா, யார் மேசையில் இருக்கிறது, எதையாவது திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா என்பதை அது சொல்வதில்லை. சான்றிதழ் கிடைக்காமல் கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசி நாளை நெருங்கும் மாணவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது செய்திதான்.

இதுவரை சொன்னவை எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கக்கூடியவை. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் ஓர் அனுமானம் உண்டு: திரை ஒன்று, அதன் முன் மனிதர் ஒருவர். படங்களும் அப்படித்தான் வரையப்பட்டிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முக்கியமான காரியங்களுக்காகத் திரையைப் பயன்படுத்தும் இடங்களைச் சற்று நின்று கவனித்தால், அங்கே பெரும்பாலும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் விசைகளைத் தட்டுகிறார். இன்னொருவர் பக்கத்தில் நிற்கிறார், அல்லது மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கிறார். படிவம் நிரப்பப்படுவது இரண்டாமவரின் நிலத்தைப் பற்றி, வருமானத்தைப் பற்றி, மகளின் படிப்பைப் பற்றி. திரையோ முதலாமவரைப் பார்த்திருக்கிறது.

இந்த உண்மை ஆராய்ச்சி உலகுக்குத் தெரியாததல்ல. பெங்களூருவின் குடிசைப் பகுதிகளில் பிறர் உதவியோடு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் முறைகளைப் பற்றி நித்யா சாம்பசிவன் முதலானோர் 2010-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரை வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும், எனக்கு வரும் வேலைப் பட்டியல்களில் ‘பயனர்’ என்பவர் இன்னமும் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு பெயர் வைத்து, சிரித்த முகத்துடன் ஒரு புகைப்படமும் ஒட்டி, பிடித்த பொழுதுபோக்கு வரை எழுதி அனுப்புகிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

தாலுகா அலுவலகங்களைச் சுற்றியுள்ள ஆன்லைன் சென்டர்களில் மே, ஜூன் மாதங்களில் நடப்பதைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று ஆகியவை ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து காலையில் பேருந்து ஏறி வந்த தந்தை, நெகிழிப் பையில் காகிதங்களோடு நிற்கிறார். விசைப்பலகையின் முன்னால் இருக்கும் இளைஞருக்கு இந்தப் படிவம் மனப்பாடம். கண்ணால் பார்க்காமலே அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறார். ஓடிபி வர வேண்டும். பதிவு செய்த எண் ஓசூரில் வேலை செய்யும் மூத்த மகனின் கையில் இருக்கிறது. அவர் தொழிற்சாலைக்குள் இருக்கிறார்; கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். உணவு இடைவேளை வரை காத்திருக்கலாம் என்றால், ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். அதற்குள் பக்கமும் காலம் கடந்து மூடிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது.

ஓடிபியை வடிவமைத்தவர் பொறுப்பற்றவர் அல்லர். கைப்பேசி ஒருவரின் தனிச் சொத்து, அது எப்போதும் அவர் பையிலேயே இருக்கும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்ட பாதுகாப்பு அது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நல்ல கைப்பேசி இருக்கும் வீட்டில் அந்த எண்ணம் பொருந்துவதில்லை. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று ஓடிபியோடு வரும் எச்சரிக்கையை, அதை வாய்விட்டுப் படித்துச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்ற நிலையில் இருப்பவர் எப்படி மதிப்பார்? நாள்தோறும் மீற வேண்டிய விதியாக அதை ஆக்கிவிட்டோம். பிறகு உண்மையான மோசடிக்காரர் தொலைபேசியில் கேட்கும்போதும் அதே பழக்கத்தில் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். இதைப் பயனரின் அறியாமை என்று எழுதிவைப்பது எங்கள் துறையில் சாதாரணம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெட்டி ஒட்டும் வசதியைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், எந்தப் பயன்பாட்டிலும் ஓர் அளவுக்குமேல் குறைக்கவே முடியாத சிக்கல் உண்டு என்று வாதிட்டார். கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சிக்கலை யார் சுமப்பது என்பது: உருவாக்குபவரா, பயன்படுத்துபவரா? அவர் கூற்றை நான் நம் ஊரில் வைத்துப் பார்க்கும்போது மூன்றாவதாக ஒருவர் தென்படுகிறார். உருவாக்கியவர்கள் சுமக்க மறுத்த, பயன்படுத்த வேண்டியவர்களால் சுமக்க முடியாத பாரத்தை ஆன்லைன் சென்டர் இளைஞரும், வங்கி வாசலில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தரும் பெரியவரும், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

விந்தை என்னவென்றால், இவர்களால் நிறுவனங்களின் கணக்கு அழகாகத் தெரிகிறது. படிவத்தை எத்தனை பேர் முழுமையாக நிரப்பினார்கள், எவ்வளவு நேரத்தில், எத்தனை இடத்தில் பிழைச் செய்தி வந்தது என்பவைதான் வழக்கமான அளவைகள். பழகிய கை தட்டும்போது நேரம் குறைவு, பிழையும் குறைவு. சர்வரில் பதிவாகும் எண்களைப் பார்க்கும் மேலாளருக்கு, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்கள் இந்தப் படிவத்தை வெகு எளிதாகக் கையாள்கிறார்கள் என்று தோன்றும். பக்கத்தில் நின்றவர் தன் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறிப் பதிவானதைக் கவனித்தாரா, தான் எதற்கு ஒப்புதல் தந்தோம் என்று அவருக்குத் தெரியுமா என்பதை எந்த எண்ணும் காட்டாது. திருத்தம் கேட்டு அவர் மீண்டும் வந்தால், அது புதிய விண்ணப்பமாகக் கணக்கில் ஏறும். பயன்பாடு கூடியிருக்கிறது என்று அதையும் மகிழ்ச்சியாகப் படிப்பவர்கள் உண்டு.

இரண்டாமவரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட கருவிகள் இல்லாமல் இல்லை. உழவர் சந்தையிலும் மளிகைக் கடையிலும் உள்ள மின்னணுத் தராசுகள் பலவற்றில் விற்பவர் பக்கம் ஓர் எண் திரையும் வாங்குபவர் பக்கம் ஓர் எண் திரையும் இருக்கின்றன. ஒரே எடை, இரண்டு முகம். பெட்ரோல் பங்கில் ‘ஜீரோ பார்த்துக்கோங்க’ என்று ஊழியர் சொல்வதும் அந்த வகைதான். அங்கே ஊழியர் இயக்குகிறார், எண்ணோ பணம் கொடுப்பவரின் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. ஏமாற்றுக்கு இடம் தரக்கூடாது என்று முந்தைய தலைமுறை யோசித்து வைத்த இந்த ஏற்பாட்டை, கணினித் திரைக்கு வந்ததும் நாம் விட்டுவிட்டோம். மேசையின் மறுபுறம் ஒரு சிறு திரையை வைத்து, நிரப்பப்படும் பெயர், தேதி, கட்டணம் ஆகிய மூன்றை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினால்கூடப் பல திருத்தங்கள் மிச்சமாகும். திரை வாங்கப் பணம் இல்லையென்றால், அனுப்புவதற்கு முன் விவரங்களைக் கணினி வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தமிழில் ஓரளவு தெளிவாகப் படிக்கும் இயந்திரக் குரல்கள் இப்போது இருக்கின்றன.

குரலின் வலிமைக்குச் சான்று வேண்டுமென்றால் கடைகளில் உள்ள யுபிஐ ஒலிப்பெட்டியைக் காட்டலாம். 2016-இல் யுபிஐ வந்த புதிதில், பணம் கொடுத்தவர் தன் கைப்பேசித் திரையைக் கடைக்காரரிடம் திருப்பிக் காட்டுவார். போலியான படத்தைக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. சீசனில் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே இரண்டு கைகளும் வேலையாக இருக்கும் ஒருவர், ஒவ்வொரு முறையும் குனிந்து அடுத்தவர் திரையில் எண்ணைச் சரிபார்ப்பது நடக்கிற காரியமா? ஒலிப்பெட்டி அந்தப் பதிலைக் கடைக்காரருக்கு நேரடியாக, அவர் மொழியில், கையைத் தொடாமல் கொண்டுவந்து சேர்த்தது. வாக்குச்சாவடியின் பீப் ஒலி செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் பெட்டி பேசாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. கொடுத்தவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது, கடைப் பெட்டி மௌனம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கருவி 0.1 விநாடிக்குள் பதில் தந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 விநாடி வரை சிந்தனை அறுபடாது, 10 விநாடிக்கு மேல் போனால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்பது கருவிகளின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் வலியுறுத்திய பழைய கணக்கு. பணம் தொடர்பான காத்திருப்பில் 10 விநாடிக்கு மேல் போவது கவனம் அல்ல, நம்பிக்கை. கடை வியாபாரத்தில் பணம் கழிக்கப்பட்டு வணிகருக்கு உறுதி சென்று சேராவிட்டால், 5 நாட்களுக்குள் தானாகத் திருப்பப்பட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. அந்தத் தகவலை, அது தேவைப்படும் அந்த நொடியில், திரையில் ஒரே வரியாக எழுதிவைப்பதைவிடப் பயனுள்ள வடிவமைப்பு வேறென்ன இருக்க முடியும்? பல திரைகளில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெற்றி பெற்றால் வரும் பச்சைக் குறிக்கும் வண்ணத் தூவலுக்கும் வாரக்கணக்கில் உழைப்பார்கள். காத்திருப்பின் திரையைக் கடைசி நாளில் யாராவது ஒருவர் போட்டுவிடுவார்.

யுபிஐயிலேயே இன்னொரு பாடமும் இருந்தது. பணம் கேட்டு ஒருவர் அனுப்பும் கோரிக்கைக்கு இசைவு தரும் திரையும், பணம் அனுப்பும் திரையும் ஒன்றுபோலவே பின் (PIN) எண்ணைக் கேட்டன. ‘உங்களுக்குப் பணம் வரப்போகிறது, பின் எண்ணைப் போடுங்கள்’ என்று நம்பவைப்பது மோசடிக்காரர்களுக்கு எளிதாயிற்று. பணம் பெற பின் (PIN) எண் தேவையில்லை என்று ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். முடிவில் தனிநபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். விளம்பரத்தால் திருத்த முயன்ற ஒன்றைக் கடைசியில் வடிவமைப்பை மாற்றித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

மொழிச் சிக்கலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு மொழி மாற்றும் வசதியை ஆங்கிலப் பட்டியலுக்குள் மூன்றாம் அடுக்கில் ஒளித்துவைத்தால், அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அது தேவைப்படாதவர் மட்டுமே. திரையை முழுக்க ஆங்கிலத்தில் வரைந்து ஒப்புதலும் பெற்றபின் தமிழை ஊற்றும் வழக்கத்தால் வேறு தொல்லைகளும் வருகின்றன. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் நின்று மூன்று புள்ளிகளாகிறது. வரி உயரம் போதாமல் எழுத்துகளின் மேற்கொக்கியும் கீழ்ச்சுழியும் வெட்டுப்பட்டு, கு எது கூ எது என்று தெரியாமல் போகிறது. குறுஞ்செய்தியில் நிலைமை இன்னும் இறுக்கம்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடுகள் கிடைக்கும்; தமிழுக்கு யுனிகோட் முறையில் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், ‘விண்ணப்பம்’ என்ற ஆறு எழுத்துச் சொல் 10 இடங்களை எடுத்துக்கொள்கிறது. செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்தால் அனுப்புபவருக்குச் செலவு கூடுகிறது. ஆகவே ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள். மேசையின் மறுபுறம் இருக்கும் மனிதருக்கு நேராகப் போய்ச் சேரக்கூடிய ஒரே பதில் குறுஞ்செய்திதான் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. நியாய விலைக் கடையில் பொருள் வாங்கியதும் பதிவு செய்த எண்ணுக்கு விவரம் வருவது நல்ல ஏற்பாடு. வாங்கியவர் படிக்கக்கூடிய மொழியில் இருந்தால்தான் அது அவருடைய திரையாகிறது.

வெயிலில் மங்கும் திரை, விரிசல் விட்ட கண்ணாடி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் விட்டுவிட்டு வரும் சிக்னல், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த ரேகையை ஏற்க மறுக்கும் கைரேகைக் கருவி ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தீர்வுகளும் ஓரளவு தெரிந்தவையே.

அதிகம் பேசப்படாதது சோதிக்கும் முறை. ஒரு வடிவமைப்பை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று நீல்சனும் லாண்டவரும் 1993-இல் கணக்கிட்டுக் காட்டியது எங்கள் தொழிலில் வேதவாக்கு. அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. பெங்களூரு அலுவலகத்தின் அடுத்த தளத்திலிருந்து அழைத்துவந்த ஐந்து பேர் எனக்குக் காட்டுவது, பெங்களூரு அலுவலகத்தின் அடுத்த தளத்தை மட்டுமே. இன்னொரு வழக்கம், பயன்படுத்தும்போதே மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. காவேரிப்பட்டணத்து மா விவசாயி ஒருவரிடம் அப்படிக் கேட்டால், அவர் மரியாதைக்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். திணறும் இடத்தில் ‘எனக்குத்தான் தம்பி புரியல’ என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார். இருவரை ஒன்றாக உட்காரவைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. கணவனும் மனைவியும், அல்லது மாமனும் மருமகனும், ‘அதை ஏன் அழுத்துனே?’, ‘பணம் போயிடுச்சா இல்லையா, ஒண்ணும் சொல்லக் காணோமே’ என்று தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். நான் கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளும் அதில் வந்துவிடும். 1986-இல் நவோமி மியாகே என்ற ஜப்பானிய ஆய்வாளர், தையல் இயந்திரம் எப்படித் தைக்கிறது என்பதை இருவர் இருவராகப் பேசவைத்து, அவர்கள் புரிந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்தார். திரையைப் பகிர்ந்துகொள்ளும் ஊரில் சோதனையும் அப்படி இருவராக நடப்பதே இயல்பு. செலவு இரட்டிப்பாகும் என்று வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள். ஒரு முறை ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் அதற்குப்பின் பேரம் பேசுவதில்லை.

வேலை தருகிறவர்களோடு வரும் உரசல்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று ஹாரி பிரிக்னல் 2010-இல் பெயர் வைத்தார். இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இவற்றில் 13 வகைகள் குறிப்பிடப்பட்டுள்ளன: கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, போலி அவசரம் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவைப்பது முதலியவை. சட்டம் வந்தபின் நேரடியாக அப்படிக் கேட்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். இப்போது கேட்பது நயமாக இருக்கும்: ‘இந்த டிக் குறியை முன்கூட்டியே போட்டுவைத்தால் பயனருக்கு ஒரு தட்டு மிச்சம்தானே?’ தனியாக உட்கார்ந்து நிதானமாகப் படிக்கும் ஒருவர் அந்தக் குறியை நீக்கிவிடக்கூடும். வேகமாகத் தட்டும் கைக்குப் பக்கத்தில் நிற்பவரால் முடியாது. தான் ஒரு காப்பீடு வாங்கியிருக்கிறோம் என்பதையே அவர் அடுத்த மாதம் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பதியும்போதுதான் அறிவார். இப்படிப்பட்ட கோரிக்கையை நான் மறுக்கும்போது நேர்மையைப் பற்றிப் பேசுவதில்லை, அது விவாதத்தை வளர்க்கும். 13 வகைகளில் இது எத்தனையாவது என்று மட்டும் கேட்பேன்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் நம் மாவட்டப் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது ஆலோசனை கேட்கிறார்கள். இளநிலைக்கு யூசீட் (UCEED), முதுநிலைக்கு சீட் (CEED) என்று மும்பை ஐஐடி நடத்தும் நுழைவுத் தேர்வுகள் உண்டு. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி (NID) தனியாகத் தேர்வு நடத்துகிறது, அதற்குப் பெங்களூருவில் ஒரு வளாகமும் இருக்கிறது. பொறியியலோ பி.எஸ்சி.யோ படித்துவிட்டுத் தாமாகக் கற்று வந்தவர்களும் நிறைய. அவர்கள் காட்டும் மாதிரிப் பணிகளில் பெரும்பாலும் உணவு வரவழைக்கும் செயலியோ இசைச் செயலியோ அழகழகான திரைகளாக இருக்கும், எல்லாம் சரியாக நடக்கும் வழி மட்டும் வரையப்பட்டிருக்கும். நான் அவர்களிடம் கேட்பது வேறொன்று. ஏதேனும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் சிக்னல் போகிறது, ஓடிபி வேறொருவர் கைப்பேசிக்குப் போகிறது, நிரப்புபவர் ஒருவர், உரியவர் இன்னொருவர், உரியவருக்குத் தெலுங்கு மட்டுமே தெரியும். இந்த நான்குக்கும் இரண்டு பக்கத்துத் திரைகளையும் வரைந்து எடுத்துவாருங்கள், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன்.